பட்டறையில் அடித்த அரிவாளுக்கு வீட்டிலேயே கூர் ஏற்றுவது எப்படி?

கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த அரிவாள் பெரும்பாலும் முரட்டுக் கூரோடுதான் கைக்கு வரும். செடி கொடி கழிக்க அது போதாது. உடனே மின்சாரச் சாணை இயந்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். பழக்கமில்லாத கையில் அது சில நொடிகளில் வாய்ப்பகுதியை, அதாவது வெட்டும் ஓரத்தை, சூடாக்கிவிடும். இரும்பில் நீலம் ஓடிவிட்டால் கொல்லர் ஏற்றிய பதம் (இரும்பின் கெட்டித்தன்மை) அந்த இடத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரு அரமும் ஒரு சாணைக்கல்லும் போதும்.

ஒரு விஷயம்: இங்கே சொல்வது பல் இல்லாத அரிவாளுக்கு மட்டும். பல் வெட்டிய கருக்கரிவாளில் தட்டை அரத்தைப் போட்டால் பல் போய்விடும்.

முதலில் பார்வை. அரிவாளின் வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். கூரான இடத்தில் கோடே தெரியாது. மின்னும் இடங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிடி ஆடுகிறதா, பிடியை இறுக்கும் வளையமான பூண் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆடினால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இறுக்கிக் கட்டுங்கள். வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) இருந்தால் நல்லது, இல்லையென்றால் மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். மடியில் வைத்துக்கொண்டு ராவ (அரத்தால் தேய்க்க) வேண்டாம். தடித்த கையுறை அவசியம். அரத்துக்கும் மரப்பிடி இருக்க வேண்டும். மொட்டையாகப் பிடித்தால் அதன் கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

அரம் போடுதல். வேலையின் பாதி இதுதான், அவசரம் வேண்டாம். அரிவாளின் வாய் உள்பக்கம் வளைந்திருப்பதால் தட்டை அரம் வளைவுக்குள் சரியாக உட்காராது. அரைவட்ட அரத்தின் வளைந்த பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அடுத்து கோணம். அரத்தை அலகுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள், பாதி சாயுங்கள், அதிலும் பாதி சாயுங்கள். கிட்டத்தட்ட 22 பாகை வந்துவிடும். பச்சைக் கிளை, புதர் வெட்ட இது சரி. காய்ந்த கட்டைகளை ஓங்கி வெட்டுவதென்றால் 30 பாகை வரை வைக்கலாம், கூர் சீக்கிரம் மடங்காது.

கோணம் சரியா என்று சந்தேகமாக இருந்தால் வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு ராவுங்கள். மை ஓரம்வரை போயிருந்தால் சரி. மேலே மட்டும் போயிருந்தால் அரத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.

தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பும்போது தூக்கிவிடுங்கள், பின்னால் இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். அரம் கடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கினால் இரும்பு மிகக் கெட்டியாக இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டாமல் நேரே கல்லுக்குப் போய்விடுங்கள்.

ஒரு பக்கம் ராவ ராவ மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிர் எழும். விரலை அலகின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, குறுக்கே தடவினால் தட்டுப்படும். ஒருபோதும் வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டாதீர்கள். பிசிர் முழு நீளத்துக்கும் வந்தபின் அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். வாயில் விழுந்த சின்னப் பொளிவுகளை (பள்ளங்களை) ஒரேயடியாக நீக்க நினைத்து இரும்பை வீணாக்க வேண்டாம். அடுத்தடுத்த தீட்டலில் தானே மறையும்.

கல். ஈரமான சாணைக்கல்லை அதே கோணத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக ஓட்டுங்கள். பிசிர் உதிர்ந்ததும் நிறுத்திவிடலாம். சவரக்கத்திபோல் மினுக்க வேண்டிய அவசியம் தோட்ட அரிவாளுக்கு இல்லை.

எண்ணெய். துடைத்துக் காயவைத்து, அலகிலும் மரப்பிடியிலும் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். அலகின் கறுப்புத் தோலைச் சுரண்ட வேண்டாம், துரு ஏறுவதை அது ஓரளவு தடுக்கும். அப்புறம் அந்த எண்ணெய்த் துணி: சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிட்டபின் குப்பையில் போடுங்கள்.