நண்பருக்கு ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவலைப் பரிந்துரைப்பது எப்படி?

"நல்ல சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி ஏதாவது இருந்தா சொல்லேன்" என்று யாராவது கேட்டதும் நமக்குப் பிடித்த பத்து நாவல்களை அடுக்கிவிடத்தான் மனம் துடிக்கும். என் தோழி கேட்டபோது நானும் அதைத்தான் செய்தேன். ஆறு மாதம் கழித்து விசாரித்தால் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

முதல் படி: கேளுங்கள்

"உனக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?" என்றால் உருப்படியாகப் பதில் வராது. "கடைசியாக ராத்திரி தூங்காமல் படித்தது எது? அதில் எந்த இடம்?" என்று கேளுங்கள். அது எந்த வகை நாவலாகவும் இருக்கலாம். தோழி சொன்னது ஒரு குடும்ப நாவல். பாட்டி தன் பழைய வாழ்க்கையைப் பேத்தியிடம் மனம்விட்டுச் சொல்லும் இடம். சரி, இவளுக்கு விண்கலம் வேண்டாம், தலைமுறைகளின் கதை வேண்டும் என்று புரிந்துவிட்டது. எந்த மொழியில் படிப்பது சுலபம், எதைப் படித்தால் மனசு தாங்காது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்று கொடுங்கள்

நான் அவளுக்குக் கொடுத்தது ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கிண்ட்ரெட்'. 1976ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் புதிதாகக் குடிவந்த வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் டேனா என்ற கறுப்பினப் பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது. கண் திறந்தால் ஆற்றங்கரை. ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறான், ஓடிப்போய்க் காப்பாற்றுகிறாள். அது அடிமைமுறைக் காலத்து மேரிலாந்து. அந்தப் பையன் அவளுடைய மூதாதை. வளர்ந்தபின் அடிமைகளின் எஜமானன் ஆகப்போகிறவன். அவன் செத்தால் இவள் பிறக்கவே முடியாது. காலப்பயணம் எப்படி நடக்கிறது என்று நாவல் விளக்குவதே இல்லை. அறிவியல் என்றாலே பயப்படுகிறவர்களிடம் இதைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: ஒரு காட்சியை மட்டும் சொல்லுங்கள்

கதைச்சுருக்கம் யாரையும் இழுக்காது. அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) நாவலை "தீவுகள், மந்திரவாதிப் பள்ளி, துரத்தும் நிழல்" என்று நான் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதற்குப் பதில் ஆடுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

குடிசைக் கூரையில் ஏறிவிட்ட ஆட்டை, தன் இறந்துபோன அம்மாவின் சகோதரி ஏதோ சில சொற்களால் இறக்குவதை ஒரு சிறுவன் கேட்கிறான். மறுநாள் மலையில் ஆடு மேய்க்கும்போது அதே சொற்களைக் கத்துகிறான். ஆடுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் வந்து சூழ்ந்துகொண்டு, மஞ்சள் கண்களால் அவனையே பார்க்கின்றன. ஓடினால் அவையும் நெருக்கிக்கொண்டு கூடவே ஓடுகின்றன. சொற்களுக்கு அர்த்தமும் தெரியாது, ஆடுகளை விடுவிக்கவும் தெரியாது அவனுக்கு. முழு நாவலும் அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது.

நான்காம் படி: கரடுமுரடை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

லியு சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' வேற்றுக்கிரகவாசிகள் கதை என்று கேள்விப்பட்டு எடுப்பவர்கள் ஆங்கிலப் பதிப்பில் முதலில் பார்ப்பது 1967ஆம் ஆண்டுச் சீனக் கலாச்சாரப் புரட்சியை. ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையில் அடித்தே கொல்கிறார்கள். படிப்பவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். "பெயர்கள் பழகக் கொஞ்ச நேரமாகும், ஆனால் பின்னால் நடப்பதற்கெல்லாம் அந்தச் சாவுதான் வேர்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 'கிண்ட்ரெட்'டில் சாட்டையடியும் பாலியல் வன்முறையும் வரும். அதை மறைத்துக் கொடுப்பது நியாயமே இல்லை.

ஐந்தாம் படி: தொடர் நாவல் என்றால்

எங்கே தொடங்குவது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். டெர்ரி ப்ராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை ஃபேன்டஸி வரிசையில் 41 நாவல்கள். முதல் நாவல் 1983இல் வந்தது, ஆனால் நான் கொடுப்பது 1989இல் வந்த எட்டாவது, 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'. அதற்குள் ப்ராட்செட்டின் கை நன்றாகவே பழகியிருந்தது. முன்கதை தெரியாமலே படிக்கலாம்.

தமிழில்தான் படிப்பேன் என்பவருக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அப்புறம் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'. முதல் நாவல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததுக்கு இழுத்துக்கொண்டு போகும். நாவல் வாசிப்பே விட்டுப்போனவர்களைக்கூட ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் திரும்பக் கூட்டிவந்துவிடும்.

கடைசிப் படி: சும்மா இருங்கள்

"முடிச்சிட்டியா?" என்று வாராவாரம் கேட்காதீர்கள். மூன்றாவது வாரம் தோழியே ஃபோன் செய்தாள். டேனாவின் கணவன் கெவின் வெள்ளைக்காரன். அவனும் அவளோடு அந்தக் காலத்துக்குள் போய்விடுகிற இடத்தில் நிறுத்தியிருந்தாள்.

"அங்கேயே இருந்தா அவனும் அவங்களை மாதிரி ஆயிடுவானாடி?"

"படி" என்று மட்டும் சொன்னேன்.