நிறுவனச் சேகரிப்பு ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்று, பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த சமகால ஓவியங்களைக் கிருஷ்ணகிரியில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கடனாகத் தர முன்வந்தால், அது மாவட்டத்துக்கே நல்ல வாய்ப்பு. மல்லப்பாடிப் பாறையில் பழங்காலத்தில் வெண்ணிறத்தில் தீட்டப்பட்ட குதிரை வீரர்கள் இருக்கும் இந்த மண்ணில், இன்றைய ஓவியத்தை நேரில் பார்க்க விரும்பும் மாணவர் இன்னும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருக்கிறது. அலுவலகச் சுவருக்காக எடுத்த முடிவுகளை அருங்காட்சியகத்திலும் அப்படியே பின்பற்றினால் இந்த வாய்ப்பு வீணாகிவிடும்.

முதல் தவறு, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் மாட்டிவிடுவது. நிறுவனச் சேகரிப்பு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அதிகாரிகளின் விருப்பப்படி, சில வேளைகளில் வரவேற்பறைச் சோபாவின் நிறத்துக்கு ஏற்பவும் வளர்ந்திருக்கும். நிலம், உழைப்பு, நகர வாழ்க்கை என ஏதேனும் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் அடங்காதவற்றை, விலை உயர்ந்தவையாக இருந்தாலும், துணிந்து விட்டுவிட வேண்டும்.

வெளிச்சத்தில் நேரும் தவறுதான் மிகவும் ஆபத்தானது. நம் அருங்காட்சியகக் கூடங்கள் பலவும் நடுகல், சிற்பம் போன்றவற்றை மனத்தில் வைத்து அமைந்தவை. சன்னல் வெளிச்சம் கல்லைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியமோ 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் படாமல் பாதுகாக்கப்பட வேண்டியது. எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசின் வண்ணத்துக்கும் 200 லக்ஸ் வரை போகலாம். ஒளியால் வரும் சேதம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும், வெளிறிய நிறம் திரும்பாது என்பதால், சன்னலுக்குப் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் படலம் ஒட்டுவதும் கனத்த திரையிடுவதும் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடியவை அல்ல. கண்ணாடிச் சட்டமிட்ட ஓவியத்தைச் சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால், பார்ப்பவருக்குத் தம் முகமும் வெளியே நிற்கும் பேருந்தும்தான் தெரியும். குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து சித்திரை வெயிலில் வந்து இறங்கும் பெட்டிகளை உடனே பிரிப்பதும் தவறு. கூடத்தின் வெப்பத்துக்குப் பழக ஒரு நாளாவது மூடியபடியே வைத்திருக்க வேண்டும்.

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் இருப்பது பொது வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் மிகுதியாக வரும் இடத்தில் இன்னும் சற்று இறக்கலாம்.

விளக்க அட்டையில் ‘தலைப்பில்லை, கித்தானில் (கேன்வாஸ் துணியில்) அக்ரிலிக்’ என்று மட்டும் எழுதிவிட்டு, நிறுவனத்தின் சின்னத்தை அதைவிடப் பெரிதாக அச்சிடுவதை ஏற்க முடியாது. எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம், வண்ணம் ஏன் அங்கே தடித்து நிற்கிறது என்று இரண்டு மூன்று வரிகள் நல்ல தமிழில், சற்றுத் தள்ளி நின்றும் படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தால் போதும்.

இன்னொன்று, பலரும் அறியாதது. வரைந்து முடித்த ஓவியத்தை விலைக்கு வாங்கியதால் மட்டும் அதன் பதிப்புரிமை நிறுவனத்துக்கு வந்துவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலம் மாற்றித் தராத வரை அது பொதுவாக ஓவியரிடமே இருக்கும். அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆகவே சுவரொட்டியிலோ காட்சி மலரிலோ படத்தை அச்சிடுமுன், ஓவியரிடமோ அவர் வாரிசுகளிடமோ எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும். முகவரி தேடவே நாளாகும் என்பதால், ஓவியங்களைத் தேர்ந்தெடுத்த உடனேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.