முடக்குவாதத்தில் ஆன்டிபாடியின் சர்க்கரையை அளப்பது எப்படி

முடக்குவாத நோயாளிகளின் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகளில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்திருப்பதை 1985-இல் பிரிட்டன், ஜப்பான் ஆய்வாளர்கள் சேர்ந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அந்த அளவீட்டை இன்று ஆய்வகத்தில் செய்யவிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஆன்டிபாடியின் எந்த இடத்துச் சர்க்கரையை அளக்கிறோம் என்பதை ரத்த மாதிரி உள்ள சோதனைக் குழாயைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐஜிஜியின் ஒவ்வொரு கனச் சங்கிலியிலும் (நீளமான புரத இழை), எஃப்சி எனப்படும் அடிப்பகுதியில், 297-ஆம் இடத்து அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தில் இரு கிளைகள் கொண்ட ஒரு சர்க்கரைத் தொடர் இருக்கிறது. கிளை நுனிகளில் கேலக்டோஸ் இல்லாவிட்டால் ஜி0, ஒன்றில் இருந்தால் ஜி1, இரண்டிலும் இருந்தால் ஜி2 என்பார்கள். சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை கேலக்டோஸின் மேல்தான் ஏறும். ஆனால் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீத ஐஜிஜியில், ஆன்டிஜெனைப் பிடிக்கும் கையிலும் சர்க்கரை உண்டு. முடக்குவாதத்துக்கே உரிய சிட்ருலின் எதிர்ப்பு ஆன்டிபாடிகளில் (சிட்ருலின் என்ற அமினோ அமிலம் கொண்ட உடல் புரதங்களைப் பிடிப்பவை) இது 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. கைச் சர்க்கரையில் கேலக்டோஸும் சியாலிக் அமிலமும் மிகுதி என்பதால், இரண்டையும் கலந்து அளந்தால் அடிப்பகுதியின் குறைவு மறைந்துவிடும்.

சீரத்திலிருந்து ஐஜிஜியைப் பிரிக்க, அதைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன் ஜி என்ற புரதத்தைப் பயன்படுத்துங்கள். புரோட்டீன் ஏ ஐஜிஜியின் துணைவகைகளில் ஒன்றான ஐஜிஜி3-இன் பெரும்பகுதியைப் பிடிக்காது. அதன்பின் வழி இரண்டாகப் பிரிகிறது. பிஎன்கேஸ் எஃப் நொதியால் சர்க்கரையைக் கழற்றி, ஒளிரும் சாயம் ஏற்றி, திரவ நிறப்பிரிகையில் பிரிப்பது எளிது; ஆனால் கழன்ற சர்க்கரை எந்த இடத்திலிருந்து வந்தது என்பது தெரியாது. ஆன்டிபாடியை டிரிப்சின் நொதியால் வெட்டி, சர்க்கரை ஒட்டிய பெப்டைடையே (சிறு புரதத் துண்டு) நிறை அலைமாலையில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) பார்ப்பதே என் பரிந்துரை. ஐஜிஜி1-இன் அந்த 9 அமினோ அமிலத் துண்டில் உள்ள 2 டைரோசின்களின் இடத்தில் ஐஜிஜி2-இல் ஃபீனைல்அலனின் இருப்பதால், இரண்டும் 32 டால்டன் வித்தியாசத்தில் தனித்தனியாகத் தெரியும். சியாலிக் அமிலம் அமிலச் சூழலிலும் வெப்பத்திலும் எளிதில் உதிர்வதால், மாதிரியை அமிலத்தோடு சூடாக்கி உலர்த்தவே கூடாது.

கேலக்டோஸ் ஏற்றத்தைக் கணக்கிடும்போது ஜி1-இன் பாதியையும் ஜி2-ஐ முழுதாகவும் கூட்டுங்கள். ஜி0 50, ஜி1 35, ஜி2 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கேலக்டோஸ் ஏற்றம் 32.5 சதவீதம். சியாலிக் அமிலம் ஏறியவற்றையும் அவற்றின் கேலக்டோஸ் எண்ணிக்கைப்படி இதில் சேர்க்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். வயது ஏறும்போது கேலக்டோஸ் இயல்பாகவே குறையும். ஆகவே ஒப்பீட்டுக் குழு வயதிலும் பாலினத்திலும் நோயாளிகளோடு பொருந்தியிருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கேலக்டோஸ் உயர, பல பெண்களுக்கு மூட்டு வலி தணிகிறது. பிரசவத்துக்குப் பின் அளவு இறங்க, நோய் மீண்டும் தலைதூக்குகிறது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளும் அளவை உயர்த்தும். இவை மூன்றும் மாதிரிப் படிவத்தில் பதிவாகாத தரவை நான் நம்பமாட்டேன். காசநோயிலும் குரோன் என்ற குடல் அழற்சி நோயிலும்கூட ஜி0 கூடுவதால், இந்த எண்ணை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று சொல்லிவிடக் கூடாது. சிட்ருலின் எதிர்ப்பு ஆன்டிபாடிகளைத் தனியே பிரித்து அளப்பது கூடுதல் உழைப்பு, ஆனால் அது வீண்போகாது: அவற்றின் எஃப்சி சர்க்கரை, நோய் வெளிப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மாறத் தொடங்குகிறது.

இந்த மாற்றம் அழற்சியைத் தூண்டுகிறதா, அழற்சியின் விளைவு மட்டும்தானா என்று சோதிக்க விரும்பினால், ஒரே ஆன்டிபாடியை எடுத்து, நொதிகளால் கேலக்டோஸையும் சியாலிக் அமிலத்தையும் ஏற்றியும் நீக்கியும் ஒப்பிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட ஐஜிஜி, அதன் சர்க்கரை எப்படியிருந்தாலும், எஃப்சி பகுதியைப் பிடிக்கும் செல் ஏற்பிகளைத் தூண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் திரட்சி இல்லை என்பதை மூலக்கூறுகளைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் அளவு நிறப்பிரிகையில் உறுதிசெய்த பிறகே அதைச் செல்களில் சேர்க்க வேண்டும்.