விழுகிற பல்தானே என்று விட்டால்: பிள்ளைகளின் பல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வேளை பல் தேய்க்க வேண்டும், மிட்டாயைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாத வீடு கிடையாது. பிள்ளையைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிற வீட்டிலேயே நடக்கிற தவறுகள் வேறு. அக்காள் மூத்த பிள்ளைக்குச் செய்ததைத் தங்கை தன் பிள்ளைக்கு அப்படியே செய்கிறாள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வருகிற மே மாதத்தில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பல் மருத்துவமனைகளில் உட்கார்ந்தால் இவை அத்தனையையும் பார்த்துவிடலாம்.

“பால் பல்லுதானே, விழுந்து வேற முளைக்கும்”

நாலு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் பொட்டு. அம்மாவுக்குக் கவலை. அப்பத்தா தேற்றுகிறார்கள்: “பால் பல்லுதானே ஆத்தா, இதுக்குப் போயி டாக்டருகிட்ட காசைக் கொட்டுவாகளா?” விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது. எத்தனை முறை சொன்னாலும் மாறாத, இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற ஒரே தவறு இதுதான்.

பால் பல் மொத்தம் 20. அவற்றில் முன்பற்கள்தான் 6, 7 வயதில் ஆடி விழும். கடைவாய்ப் பால் பற்கள் எட்டும் 10, 11, சிலருக்கு 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நாலு வயதில் சொத்தை விழுந்தால், அந்தப் பல்லை வைத்து இன்னும் ஆறேழு வருடம் சோறு மென்றாக வேண்டும்.

பால் பல்லின் எனாமல், அதாவது பல்லின் மேல் ஓடு, நிலைத்த பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி கனம்தான். உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது, மேற்பரப்புக்குக் கிட்டத்தில் இருப்பது. அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் பரவுகிற சொத்தை பிள்ளைக்குச் சில மாதங்களில் நரம்பை எட்டிவிடும். இரண்டு கடைவாய்ப் பற்களும் ஒட்டி நிற்கிற இடுக்கில் தொடங்கும் சொத்தை வெளியே தெரியவே தெரியாது. “கறி நார் மாட்டிக்கிட்டே இருக்குன்னு சொல்றான்” என்று வருகிறார்களே, அப்போது மேல் விளிம்பு உடைந்திருக்கும். நரம்புக்கும் சொத்தைக்கும் இடையே பல நேரம் அதிகம் மிச்சம் இருக்காது.

அடுத்து நடப்பதும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். பிள்ளை ஒரு பக்கமாகவே மெல்லும். ராத்திரி எழுந்து அழும். ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். “சரியாப் போச்சு” என்று நிம்மதி அடைகிறார்கள். சரியாகவில்லை, நரம்பு செத்துவிட்டது. சில வாரங்களிலோ மாதங்களிலோ ஈறில் கொப்புளம் மாதிரி சீழ் கட்டும், அல்லது கன்னம் வீங்கும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுப்பார்கள், வீக்கம் வடியும். சீழின் ஊற்று பல்லுக்குள் இருப்பதால் மறுபடி வரும். இதற்கிடையில் அதன் வேர்களுக்கு நடுவே உருவாகிக்கொண்டிருக்கிற நிலைத்த பல்லின் எனாமல் இந்தச் சீழால் கெட்டுப்போகலாம். பத்து வயதில் மஞ்சள், பழுப்புத் திட்டுகளோடு குழிவிழுந்து முளைக்கிற பல்லுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில், “பிடுங்கி விட்ருங்க” என்பார்கள். பிடுங்கியதும் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. 6 வயதில் பின்னால் முளைக்கிற பெரிய கடைவாய்ப் பல் காலி இடத்தை நோக்கி முன்னே சாயும். இரண்டாம் கடைவாய்ப் பால் பல் போன இடத்தில் இது மோசமாக நடக்கும். பெரும்பாலான இடம் முதல் ஆறு மாதத்திலேயே போய்விடுகிறது. பிறகு 11 வயதில் வர வேண்டிய பல்லுக்கு வழி இல்லை: உள்ளேயே மாட்டும், அல்லது கன்னப் பக்கமாகவோ நாக்குப் பக்கமாகவோ துருத்தும். சின்ன அடைப்புக்கு யோசித்த அதே குடும்பம், 13 வயதில் கிளிப் போட இரண்டு வருடம் அலைகிறது. சிலருக்கு இடம் உண்டாக்க நல்ல பல்லையே எடுக்க வேண்டி வரும். அப்பத்தா சொன்ன கணக்கில் இந்தச் செலவு மட்டும் இல்லை.

செய்ய வேண்டியது சொத்தையின் ஆழத்தைப் பொறுத்தது. மேலோட்டமாக இருந்தால் அடைத்தால் போதும். நரம்பின் மேல்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு மருந்து வைத்து மூடலாம். வேர் வரை கெட்டிருந்தால் முழு வேர் சிகிச்சை. இதில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பால் பல்லின் வேருக்குள் வைக்கிற பசை, வேரோடு சேர்ந்து கரையக்கூடியதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கிற ரப்பர் மாதிரியான பொருள் கரையாது. அடியில் வருகிற பல்லுக்கு இடைஞ்சல். சிகிச்சை செய்த கடைவாய்ப் பால் பல்லுக்கு மேலே ஸ்டீல் கேப் போடுவார்கள். “வெள்ளையா இல்லையே, போட்டோவுல தெரியுமே” என்று அதை வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்? உடையாமல் காக்க அதைவிட உறுதியானது குறைவு. பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழுந்துவிடும்.

சிகிச்சைக்கு ஒத்துழைக்காத சின்னப் பிள்ளைக்குச் சொத்தையை அப்படியே நிறுத்திவைக்கிற வெள்ளிச் சத்துள்ள திரவ மருந்து இருக்கிறது. நரம்பு கெடாதவரைதான் உதவும். தடவிய இடம் கன்னங்கரேல் என்று ஆகும். கறுத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

பல்லை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அன்றைக்கே “இடம் காக்கும் கம்பி வேணுமா?” என்று கேளுங்கள். பக்கத்துப் பல்லில் ஒரு வளையம், அதிலிருந்து காலி இடத்தைத் தாண்டி ஒரு வளைந்த கம்பி, அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் அடுத்த பல் எலும்பைத் தாண்டி மேலே வந்துவிட்டதாகத் தெரிந்தால் கம்பி தேவையில்லை. முன்பல்லுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. போட்ட பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். வளையத்துக்கு அடியில் சிமெண்ட் கரைந்தால் அங்கே புதுச் சொத்தை பிடிக்கும். கமர்கட்டும் வெல்லப்பாகில் பிரட்டிய மனகோலமும் கம்பியைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். கம்பி இருக்கிற வரை அவை வேண்டாம்.

ஆறு வயதில் பின்னால் வருகிற பல்லைப் பால் பல் என்று நினைப்பது

பல் விழுந்துதான் பல் முளைக்கும் என்று எண்ணுகிறோம். 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், மேலும் கீழுமாக நாலு பற்கள் சத்தமில்லாமல் வருகின்றன. அவை ஆயுசுக்கும் இருக்க வேண்டியவை. “இதுவும் விழுந்துரும்ல?” என்று கேட்டுக்கொண்டே சொத்தைக்கு விட்டுவிடுகிறார்கள். முளைக்கும்போது அரைகுறையாக ஈறு மூடியிருக்கும், பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும், பிரஷ் எட்டாது. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் பிரஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக விட்டுத் தேயுங்கள். முழுதாக மேலே வந்ததும் அதன் ஆழமான பள்ளங்களைச் சீலண்ட் வைத்து அடைத்துவிடலாம். ஊசி இல்லை, குடைவது இல்லை.

புட்டியோடு தூங்க வைப்பது

தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். வாயில் தேங்குகிற பாலைக் கழுவ ஆளில்லை. மேல் முன்பற்கள் நாலும் முதலில் போகும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பும். மாதம் ஒரு முறை பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைக் கோடு இருந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு பூச்சும் ஒழுங்கான தேய்ப்பும் இருந்தால் திருப்பிவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்த பின் முடியாது.

புட்டியை 12 முதல் 18 மாதத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். ஒரேயடியாகப் பிடுங்கினால் வளவே அதிரும். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள், பிறகு படுக்கைப் புட்டியில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் வெறும் தண்ணீர் மிஞ்சும், பிள்ளைக்கே சலித்துவிடும். பகல் பாலை மட்டும் டம்ளரில் முழுப் பாலாகக் கொடுங்கள்.

சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைப்பதும், ரப்பர் நிப்பிளில் தேன் தடவிக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனால் ஆபத்தான நச்சு நோய் வரலாம். அது பல்லைவிடப் பெரிய விஷயம்.

பலகாரத்தை எண்ணாமல் நிறுப்பது

“ரெண்டே ரெண்டு சீப்புச் சீடைதான் தின்னான்.” ஆனால் அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் ஓடியபடி ஒரு மணி நேரம் கொறித்திருப்பான். மாவோ இனிப்போ வாய்க்குள் போகிற ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த கடி போனால் பல் ஓயாமல் அமிலத்திலேயே ஊறும். எத்தனை பலகாரம் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. கந்தரப்பமோ கருப்பட்டிப் பணியாரமோ இடைப்பலகாரத்துக்கு ஒரு வேளையாக உட்கார்ந்து சாப்பிட்டு, தண்ணீர் குடித்து எழுந்தால் போதும். ஆயா வீட்டுப் பலகார டின் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கருப்பட்டி, வெல்லம் என்றால் பல்லுக்கு நல்லது என்பதும் கிடையாது. கிருமிக்கு எல்லாம் இனிப்புதான்.

ஃபுளோரைடுக்குப் பயப்படுவது

தர்மபுரிப் பக்கம் பல் பழுப்பானதைக் கேள்விப்பட்டுப் பயப்படுகிறார்கள். அது ஃபுளோரைடு மிதமிஞ்சிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்ததால் வந்தது. பேஸ்ட்டில் அளவுதான் முக்கியம்: 3 வயது வரை ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி அளவு. கார்ட்டூன் படம் போட்ட பேஸ்ட்டுகள் சிலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. அட்டையைத் திருப்பி 1000 பி.பி.எம். என்று இருக்கிறதா பாருங்கள். தேய்த்த பின் துப்பினால் போதும், கொப்பளித்தால் மருந்தெல்லாம் போய்விடும். ஏழெட்டு வயது வரை நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். உமிக்கரியும் செங்கல் பொடியும் எனாமலைச் சுரண்டும்.

வீங்கிய கன்னத்துக்குச் சுடு ஒத்தடம்

கூடாது. வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தாலோ, கண் மூடிக்கொண்டாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிக்கிற பல்லில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைப்பது

ஈறு வெந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரினே ஆகாது.

“சேட்டை பண்ணினா பல் டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்”

சொல்லாதீர்கள்.

கீழே இரண்டு வரிசையாகப் பல் முளைத்ததும் பதறுவது

முன் பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அது விழுந்ததும் நாக்கே பின் பல்லை முன்னே தள்ளும். ஆடவே இல்லையென்றால் காட்டுங்கள்.

அடிபட்டு வேரோடு விழுந்த பல்லைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் மடிப்பது

ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முற்றத்தில் மழைத் தண்ணீர், ஓடிப் பிடித்து விளையாடுகிற ஏழெட்டுப் பிள்ளைகள். விடுமுறையில் மேல் முன்பல் தெறிப்பது இப்படித்தான். அது நிலைத்த பல்லாக இருந்தால், பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. வேரில் ஒட்டியிருக்கிற உயிரணுக்கள்தான் பல்லை மறுபடி பிடிக்க வைக்கின்றன, காய்ந்தால் செத்துவிடும். முடிந்தால் அங்கேயே குழியில் செருகி, சுத்தமான துணியைக் கடிக்க வைத்துக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் ஆறிய பாலில் போட்டு எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். பால் பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, அடியில் இருக்கிற பல்லின் முளை அடிபடும். எந்தப் பல் என்று தெரியவில்லையா, செருகாதீர்கள். பாலில் போட்டுக் கொண்டு போனால் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.