வெயில் காலத்தில் மறைத்துச் சுமக்கும் கைத்துப்பாக்கி: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

ஹூஸ்டனில் ஏப்ரல் முடிந்தால் ஜாக்கெட்டெல்லாம் அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் அக்டோபர் வரை டி-சர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான். குளிர்காலம் முழுக்க இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மெல்லிய சட்டைக்கு அடியில் பிடியின் முனை துருத்திக்கொண்டு தெரிகிறது. உடனே துப்பாக்கிக் கடைக்குப் போய், "இருப்பதிலேயே சின்னது எது, காட்டுங்கள்" என்கிறார்கள். வெயில் காலத் தேர்வில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு கேள்வியில் தொடங்குபவை. துப்பாக்கியைக் கைக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மறைப்பது ஹோல்ஸ்டர் என்ற துப்பாக்கி உறை, பெல்ட், சட்டை மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அதற்கு முன் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்கள் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம். அரிசோனாவில் 2010 முதல், ஃப்ளோரிடாவில் 2023 ஜூலை முதல் இதே நிலைதான். ஆனால் ஹெச்1பி, ஹெச்4, எல்1, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் எவ்வளவு தளர்த்தினாலும் இது மாறாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், அதை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்டே தீர வேண்டும். "ரேஞ்சில் (சுடும் பயிற்சித் தளத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதுதானே" என்பதும் பாதுகாப்பான பேச்சு இல்லை. மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் ரேஞ்சில் சுட்டது வழக்காகி, 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கணவருக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, மனைவிக்கு இன்னும் வரவில்லை என்ற நிலையில் உள்ள வீடுகளும் துப்பாக்கி வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரை ஒருமுறை பார்ப்பது நல்லது. கீழே உள்ளதெல்லாம் இந்தத் தடை இல்லாதவர்களுக்கு.

சின்னதிலும் சின்னது

ருகர் எல்சிபி 2008-இல் வந்தபோது அதற்கு இருந்த வரவேற்புக்குக் காரணம் உண்டு. .380 தோட்டா போடும் அந்தத் துப்பாக்கி, தோட்டா இல்லாமல் 10 அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது சுமார் 270 கிராம். அரைக்கால் சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லாருக்கும் பிடித்துவிடும். ரேஞ்சுக்கு எடுத்துப்போனால்தான் விஷயம் தெரியும்.

எடை குறையக் குறைய உதைப்பு கைக்குக் கூடுதலாக வரும். பிடி குட்டை என்பதால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும். சில கைகளுக்கு மோதிரவிரலும் பாதிதான் நிற்கும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் குறைவு, எனவே சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். இதோடு வியர்வையும் சேர்ந்தால் பிடி வழுக்கும். எடை குறைந்த அரைத் தானியங்கி பிஸ்டல்களுக்கு மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும். கை தளர்ந்தால் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னே போய் வரும் மேல்பகுதி, முழுதாகப் பின்னே போகாமல், காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் விட மோசமான விளைவு, சுடவே பிடிக்காமல் போவது. கை வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பயிற்சிக்குப் போவதில்லை. பயிற்சி இல்லாதவர் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

தோட்டாவையும் யோசிக்க வேண்டும். தற்காப்புத் தோட்டாக்களைச் சோதிக்கும்போது, ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது எஃப்பிஐயின் அளவுகோல். மூன்று அங்குலத்துக்கும் குறைவான குழலிலிருந்து புறப்படும் .380 ஹாலோ பாயின்ட் (உள்ளே போய் விரியும்படி முனையில் குழி வைத்த குண்டு) பல சமயம் இரண்டில் ஒன்றில் தவறுகிறது: விரியாமல் போகிறது, அல்லது விரிந்துவிட்டு ஆழம் போகாமல் நிற்கிறது. .380 உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. மணிக்கட்டு பலவீனமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும், ஸ்லைடை எளிதாக இழுக்க முடிகிற ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈசி .380 போன்றவை மிகவும் பொருத்தம். அவர்கள் அதைக் கையின் நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆரோக்கியமான கை உள்ளவர் மெல்லிய சட்டைக்காக .380-க்கு இறங்குவதைத்தான் தவறு என்கிறேன்.

அதே காரணத்துக்காக எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வருக்குப் போகிறவர்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642-க்குச் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது, அது உண்மையான நன்மை. ஆனால் சுமார் 15 அவுன்ஸ் எடையில் .38 ஸ்பெஷல் சுடுவது கையை நன்றாகவே அறையும், விசையை (ட்ரிக்கர்) இழுப்பதும் கனம். புதிதாகப் பழகுகிறவருக்கு இதை முதல் துப்பாக்கியாக நான் சொல்ல மாட்டேன்.

2018-இல் சிக் சவர் பி365 வந்தபின் இந்தப் பேச்சே மாறிவிட்டது. சுமார் ஒரு அங்குல அகலம், 18 அவுன்ஸுக்குள் எடை, தோட்டா அடுக்கும் மேகசினில் 10 தோட்டா, அதுவும் 9 எம்எம். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட்டும், 2021-இல் ஷீல்ட் ப்ளஸ்ஸும் அதே வழியில் வந்தன. கோடைக்கு ஒரு துப்பாக்கி தேடுகிற பெரும்பாலானோர் இந்த அளவிலேயே நின்றுவிடலாம். ஏற்கனவே இவற்றைவிடப் பெரிய க்ளாக் 19 வைத்திருந்து அதில் நன்றாகச் சுடுகிறவர், புதிதாக வாங்கும் முன் ஹோல்ஸ்டரை மாற்றிப் பார்க்கட்டும். பல பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். எதை வாங்குவதானாலும் வாடகைக்குக் கிடைக்கும் ரேஞ்சில் முதலில் சுட்டுப் பாருங்கள். கடையின் கண்ணாடி மேசை மேல் பிடித்துப் பார்ப்பது வேறு, ஐம்பது தோட்டா சுட்டபின் கை என்ன சொல்கிறது என்பது வேறு.

குழல் அளவைப் பார்த்து ஏமாறுவது

மறைப்பதற்குக் குழல் குட்டையாக இருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இடுப்புக்குள் வைக்கும்போது குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது. சட்டையைத் தள்ளுவது பிடிதான். க்ளாக் 43எக்ஸையும் க்ளாக் 48-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடி ஒன்றே. குழல்தான் ஒன்றில் 3.4 அங்குலம், இன்னொன்றில் 4.2 அங்குலம். சட்டைக்கு அடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முன்புறம், தொப்புளுக்குப் பக்கவாட்டில் வைப்பவர்களுக்கு நீளமானது இன்னும் நன்றாக மறையும், ஏனென்றால் குழலின் கீழ்ப்பகுதி உடம்பில் ஊன்றி மேல்பகுதியை உள்ளே சாய்க்கிறது. எனவே சுருக்க வேண்டுமானால் முதலில் பிடியின் நீளத்தைப் பாருங்கள், அடுத்து அகலத்தை. குட்டைக் குழலுக்காக மட்டும் துல்லியத்தை விட்டுக்கொடுப்பது வீண்.

பிடி மேல் ரப்பர் உறை மாட்டுவது இன்னொரு பழக்கம். கைக்கு நன்றாக இருக்கும், ஆனால் மெல்லிய பருத்திச் சட்டை அதில் ஒட்டிக்கொண்டு, குனிந்து நிமிரும்போது மேலேயே நின்றுவிடும். மணல்தாள் போன்ற சொரசொரப்பு வியர்த்த கைக்கு உதவும், ஆனால் நாள் முழுக்க இடுப்புத் தோலை அராவும். உடம்பில் படும் பக்கத்தை உயரமாக வைத்துச் செய்த ஹோல்ஸ்டரும், அதற்கு அடியில் மெல்லிய பனியனும் இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

பெல்ட்டில் பணம் செலவழிக்க மனம் வராதவர்கள் அதிகம். அறுநூறு டாலர் துப்பாக்கியைத் தொளதொள பெல்ட்டில் மாட்டினால் அது வெளிப்பக்கம் சாய்ந்து, சட்டையைத் தள்ளிக் காட்டிக்கொடுக்கும். விறைப்பான பெல்ட்டும், பெல்ட்டை அழுத்திப் பிடியை உள்ளே திருப்பும் சிறு கொக்கி உள்ள ஹோல்ஸ்டரும் சேர்ந்தால் அதே துப்பாக்கி காணாமல் போகும். சட்டையில் ஒரு அளவு பெரிது, அடர்நிறம், பூவோ கட்டமோ போட்ட துணி. வெள்ளை லினன் வேண்டாம். வாங்கியதும் கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. காரில் ஏறி சீட் பெல்ட் போட்டு, கீழே விழுந்ததை எடுக்கிற மாதிரி குனிந்து, மேல் தட்டுக்குக் கை நீட்டிப் பாருங்கள்.

துணி விசையில் மாட்டுவது

உயிருக்கே உலை வைக்கும் தவறு இதுதான். கோடை உடையில் நாடா வைத்த அரைக்கால் சட்டை சகஜம். டி-சர்ட்டும் இடுப்பைச் சுற்றித் தொங்கும். துப்பாக்கியை ஹோல்ஸ்டருக்குள் திரும்ப வைக்கும்போது சட்டை முனையோ நாடாவோ விசைக் காப்புக்குள் புகுந்துவிட்டால், உள்ளே அழுத்தும்போது விசையை இழுப்பது அந்தத் துணி. முன்புறம் வைத்திருப்பவருக்குக் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் இருக்கிறது.

வைக்கும்போது அவசரமே கிடையாது. மறு கையால் சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடித்து, ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை ஸ்லைடு மேல் வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். நாடாவை உள்பக்கமாகச் செருகுங்கள் அல்லது வெட்டியே விடுங்கள். இன்னும் பாதுகாப்பாக, காலையில் ஹோல்ஸ்டரைக் கழற்றிக் கையில் வைத்தே துப்பாக்கியை அதற்குள் செருகிவிட்டு, பிறகு இடுப்பில் மாட்டலாம்.

விசையை முழுதாக மூடாத எந்த ஹோல்ஸ்டரும் ஹோல்ஸ்டர் இல்லை. துணியில் தைத்த மலிவான வயிற்றுப்பட்டைகளை வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலே விசை நகர்வது தெரியும். பட்டைதான் வசதி என்றால் உள்ளே கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் ஓடு வைத்ததை வாங்குங்கள். பையில் போடுகிறவருக்கும் தனி ஹோல்ஸ்டர் வேண்டும், அந்தப் பையில் சாவியோ சில்லறையோ இருக்கக் கூடாது.

வெக்கை என்று இடுப்பை விட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வது அடுத்தது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடனில், ஒரு வால்மார்ட் கடையில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்தது. குண்டு பாய்ந்து தாய் இறந்துபோனார். குழந்தை இருக்கும் வீட்டில் கைப்பை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வியர்வை, ஏசி, கார்

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்திருந்தாலும் அதுவும் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக. இன்றைய ஸ்லைடுகளின் மேற்பூச்சு நன்றாகத் தாங்குகிறது. முதலில் பாதிக்கப்படுவது சின்ன உதிரிகள்: குறிகள், திருகுகள், ஸ்பிரிங், மேகசின். இரவில் கழற்றியதும் தோட்டாவை நீக்கி உலர்ந்த துணியால் துடைத்து, உடம்பில் படும் பக்கத்தில் எண்ணெய் லேசாகத் தடவினால் போதும். அதிகமாக ஊற்றினால் பனியன் பஞ்செல்லாம் அதில் ஒட்டும். தோல் ஹோல்ஸ்டர் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதனுள்ளேயே இரவு முழுக்க விடாதீர்கள்.

சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறி வைத்தவர்களுக்கு மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. குளுகுளு ஏசி அறையிலிருந்து ஆகஸ்ட் ஈரக்காற்றுக்கு வந்ததும் கண்ணாடி பனித்துவிடும். பனிப்பு தடுக்கும் திரவம் உதவும். இருந்தாலும் கண்ணாடி மறைந்த நிலையிலும் குறி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

தினமும் அதே தோட்டாவை எடுத்து எடுத்துப் போட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் இறங்கும், சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பக்கத்தில் புதுத் தோட்டா ஒன்றை நிறுத்தி உயரம் பாருங்கள்; குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள். கோடை முடிந்ததும் வியர்வையில் கிடந்த தோட்டாக்களை ரேஞ்சில் தீர்த்துவிட்டுப் புதியதை நிரப்புவது நல்ல பழக்கம்.

கார் ஒன்றும் துப்பாக்கிப் பெட்டி இல்லை. டெக்சாஸில் அங்கேயே குடிப்பதற்கான மது விற்பனையே பிரதான வருமானமாக உள்ள பார் போன்ற இடங்களில் 51% என்ற சிவப்பு எழுத்துப் பலகை இருக்கும்; உரிமம் உள்ளவரும் மறைத்துச் சுமந்து வரக் கூடாது என்று சொல்லும் 30.06 பலகை வைத்த இடங்களும் உண்டு, தபால் நிலையமும் கூடாது. இதனால் துப்பாக்கியைக் காரில் விட்டுப் போவது பழக்கமாகிவிடுகிறது. சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவதும் திருடனிடம் கொடுப்பதும் ஒன்றுதான். போகும் இடத்தில் அனுமதி இல்லை என்று முன்பே தெரிந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாத நாளுக்கு, சீட்டின் இரும்புச் சட்டத்தோடு கம்பி வடத்தால் பூட்டிய சிறு பெட்டி வேண்டும். அதற்குள்ளும் ஹோல்ஸ்டரோடுதான் வையுங்கள், அதையும் வாகன நிறுத்தத்தில் எல்லாரும் பார்க்கச் செய்யாமல், புறப்படும் இடத்திலேயே செய்யுங்கள்.

வீட்டிலும் பூட்டுப் பெட்டி கட்டாயம். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான இடத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கோடையில் புதிதாக வாங்கும் எண்ணத்தையும் அதுவரை தள்ளிப்போடலாம்.