பழ ஈக் கரு: மணி பார்த்து எடுக்காதீர்கள்

பழ ஈயின் கரு முதலில் தாய் முட்டைக்குள் வைத்த ஆர்என்ஏவை (ஜீன்களின் நகல்) வைத்தே ஓடும்; அதன் சொந்த ஜீன்கள் எப்போது விழிக்கின்றன என்று ஆர்என்ஏவை அளந்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் லேபில் ஏசி நின்றுபோன மே மாதம் ஒரு வார சாம்பிள் மொத்தமும் வீணானது. டியூபில் ‘2 மணி நேரம்’ என்று எழுதியிருந்தேன். உள்ளே போன கருக்கள் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியிருந்தன. புத்தகத்தில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 25 டிகிரிக்கு. 18-இல் கரு ஏறக்குறைய பாதி வேகத்தில் நகரும், 30-இல் ஓடும். இப்போது காசிமேட்டு மீன்காரர் கொடுத்த தெர்மாகோல் பெட்டிக்குள் துணி சுற்றிய ஐஸ் பேக், ஒரு தெர்மாமீட்டர். நாற்றம் போக நாலு நாள் ஆச்சு.

கூண்டில் திராட்சை ஜூஸ் அகார் தட்டு வைத்து, நடுவில் பொட்டளவு ஈஸ்ட் விழுது தடவுங்கள். முதல் ஒரு மணி நேரத் தட்டைக் கொட்டிவிடுங்கள். இடம் பிடிக்காத பெண் ஈ கருவுற்ற முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்திருக்கும். அது உள்ளேயே வளரும். அடுத்த தட்டுதான் கணக்கு.

முட்டையின் வெளி ஓட்டைக் கரைக்க பிளீச்சும் தண்ணீரும் சரிபாதி, இரண்டு நிமிடம். முட்டையின் முன்பக்கம் கொம்புபோல் நிற்கும் இரண்டும் கரைந்ததும் நன்றாகக் கழுவுங்கள்.

பிறகு ஹாலோகார்பன் எண்ணெயில் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின்முனையில் மட்டும் மணிமணியாகச் செல்கள் நின்றால் வயது சுமார் ஒன்றரை மணி நேரம்; கருவின் சொந்த ஜீன்களில் சிலதான் அப்போது விழித்திருக்கும். உட்கரு 13 முறை பிளந்த பிறகு, ஓரமெங்கும் வரிசைகட்டிய உட்கருக்களுக்கு நடுவே சவ்வு உள்ளே இறங்கும். ஜீன்கள் கூட்டமாக விழிக்கும் பெரிய அலை எழுவது இங்கேதான். வயிற்றுப்பக்கம் பள்ளம் விழுந்துவிட்டதா? கட்டம் தாண்டியாயிற்று, தயங்காமல் ஒதுக்குங்கள்.

ஆர்என்ஏ எடுத்த பிறகும் ஏமாற இடமுண்டு. தாய் முட்டைக்குள் வைத்த ஆர்என்ஏ சிலவற்றின் பாலி-ஏ வால் (கடைசியில் வரிசையாக வரும் ‘ஏ’ எழுத்துகள்), முட்டை இட்டதும் நீளும். ஆர்என்ஏவை அளக்க முதலில் டிஎன்ஏவாக நகலெடுக்க வேண்டும்; அதைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுதான் பிரைமர். ஒலிகோ-டிடி பிரைமர் அந்த வாலைத்தான் பிடிக்கும் என்பதால் அளவு கூடியதுபோல் காட்டும். பைகாய்டு என்ற ஜீனின் ஆர்என்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவது. உங்கள் கிராஃபில் அது ஏறினால் முதலில் பிரைமரைச் சந்தேகப்படுங்கள். வாலை நம்பாமல் ஆர்என்ஏவில் எங்கும் ஒட்டும் ரேண்டம் பிரைமர் போடுங்கள்.

இன்ட்ரானுக்குள் (ஆர்என்ஏ முதிரும்போது வெட்டி எறியப்படும் துண்டு) பிரைமர் வைப்பது எனக்குப் பிடித்த வழி. தாயின் ஆர்என்ஏவில் இன்ட்ரான் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். சிக்னல் வந்தால் அது கரு புதிதாக எழுதியது. டிஎன்ஏ கலந்திருந்தாலும் அதே சிக்னல் வரும், அதனால் ஆர்டி என்சைம் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுப்பது) சேர்க்காத டியூப் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். முதலில் விழிக்கும் ஜீன்கள் பலவற்றில் இன்ட்ரானே கிடையாது. அவற்றுக்கு இந்த வழி செல்லாது.