கிரைண்டர் இல்லாத அறையில் இட்லி மாவு: டிஃபன் செலவைக் குறைக்க முதல் வேலை

அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் இதுவரை அடுப்புப் பக்கமே போகாதவர்களுக்காக. கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் மூன்று பேராகத் தங்கியிருந்தபோது ஒரு மாதம் முழுக்கச் சாப்பாட்டுக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தோம். மதியச் சாப்பாடு கேன்டீனில் முடிந்துவிடும், அது பெரிய தொகை இல்லை. பணத்தைத் தின்றது காலையும் இரவும் வெளியே சாப்பிட்ட டிஃபன்தான், அதிலும் மழை பெய்கிறது, அலுப்பாக இருக்கிறது என்று போனில் ஆர்டர் போட்ட நாட்கள். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: மூன்று வேளையும் சமைக்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள், பத்து நாளில் விட்டுவிடுவீர்கள். முதல் மாதம் மாவை மட்டும் கையில் எடுங்கள்.

கணக்கு எளிது. நான் வாங்கும் கடையில் இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140. 600 கிராம் அரிசிக்கு 30 ரூபாய், 200 கிராம் உளுந்துக்கு 28, வெந்தயம் உப்பு எல்லாம் சேர்த்து 60 ரூபாய்க்குள் சுமார் இரண்டு கிலோ மாவு வந்துவிடும். அதில் 40 இட்லி ஊற்றலாம். வேளைக்கு நான்கு என்றால் ஒருவருக்குப் பத்து வேளை, ஒரு வேளை மாவுக்கு ஆறு ரூபாய்! மிக்ஸி அரைமணி நேரம் ஓடினாலும் அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது.

வாங்குவதும் ஊற வைப்பதும்

மூன்று டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். கிரைண்டரில் அரைக்கிறவர்கள் நான்குக்கு ஒன்று போடுவார்கள், மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது, அதனால் மூன்றுக்கு ஒன்று. பழைய உளுந்தும் பொங்காது, எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று நிறம் மங்கின உளுந்தை வாங்கிவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது வீட்டில் ரேஷன் புழுங்கல் அரிசி இருந்தால் கொண்டுவாருங்கள், நான்கைந்து தண்ணீர் விட்டுக் கழுவி இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்தால் செலவு இன்னும் இறங்கும்.

அரிசியை நான்கு மணி நேரம் ஊற விடுங்கள். உளுந்தையும் வெந்தயத்தையும் நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் தனியாக இரண்டு மணி நேரம் ஊற வைத்து, கடைசி ஒரு மணி நேரம் தண்ணீரோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதை விட்டுவிடக் கூடாது, காரணம் அடுத்துச் சொல்கிறேன். அவல் கடைசியில் பத்து நிமிடம் ஊறினால் போதும்.

உளுந்து அரைப்பது

மிக்ஸியின் எதிரி சூடு. பிளேடு வேகமாகச் சுற்றச் சுற்ற மாவு சூடாகும், சூடான உளுந்து மாவில் காற்று நிற்காது, இட்லி கல் மாதிரி வரும். அதனால்தான் ஃப்ரிட்ஜ். அந்த ஊறின தண்ணீரையே கொட்டாமல் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் போட வேண்டாம். அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி ஓட்டுங்கள். முதலில் கடகடவென்று சத்தம் வரும், மூன்றாவது நான்காவது சுற்றில் அது அடங்கி மாவு வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி ஏறி வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். மிதந்தால் எடுத்துவிடலாம், அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு சுற்று.

அரிசிக்கு இவ்வளவு பாடு இல்லை. அவலோடு சேர்த்து மூன்று தடவையாகப் போட்டு, விரலில் தேய்த்தால் நைஸ் ரவை மாதிரி நெருடும்போது நிறுத்துங்கள்.

கரைத்துப் பொங்க வைப்பது

இரண்டையும் ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டி, ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமாகக் கல்லுப்புப் போட்டு, கையால் நன்றாகக் கரையுங்கள். பாத்திரம் பாதிதான் நிரம்ப வேண்டும். ஒருமுறை முக்கால் பாத்திரம் வைத்துப் படுத்து, காலையில் சமையல் மேடை முழுக்க மாவு வழிந்து, அந்த வாரத்து மாவில் பாதி வீணாகப் போனது இன்னும் மனதில் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், மற்ற நாட்களில் எட்டிலிருந்து பத்து. கோவை மார்கழிக் குளிருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும், பழைய போர்வையைச் சுற்றி வையுங்கள்.

பொங்கியதும் இரண்டு டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஒன்றை முடித்த பிறகு மற்றதைத் திறக்கலாம். இட்லி ஊற்றும்போது சட்டியில் தண்ணீர் கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பத்து நிமிடம், அப்புறம் வெளியே எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு, தண்ணீரில் நனைத்த ஸ்பூனால் எடுத்தால் ஒட்டாமல் வரும்.

தொட்டுக்கொள்ள

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மாவு இருக்கிறது, சட்னி அரைக்க அலுப்பாக இருக்கிறது, உடனே கை போனுக்குப் போகிறது. அதற்குப் பொடிதான் மருந்து. ஒரு டம்ளர் உளுந்து, அரை டம்ளர் கடலைப்பருப்பு, பன்னிரண்டு வரமிளகாய், இரண்டு ஸ்பூன் எள், இவற்றைச் சிறு தீயில் தனித்தனியாக வறுத்து (சேர்த்து வறுத்தால் கடலைப்பருப்பு சிவப்பதற்குள் எள் கருகிவிடும்), ஆறிய பின் உப்பு, பெருங்காயத்தோடு கரகரப்பாகப் பொடித்தால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த மாதிரி நாட்களிலும் பொடிக்கு ஒரு குறையும் வராது. தக்காளி மலிவாகிற வாரம் காலையில் உழவர் சந்தைக்குப் போய் இரண்டு கிலோ வாங்கித் தொக்கு செய்து வைத்துக்கொள்ளுங்கள், சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் பயமில்லை.

வாரம் போகும் விதம்

முதல் இரண்டு நாள் இட்லி. மூன்றாவது நான்காவது நாள் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை. ஐந்தாவது நாள் லேசாகப் புளித்திருக்கும், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கித் தூவி ஊத்தப்பம். ஆறாவது நாள் மிச்சத்தில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம், அந்தப் புளிப்புக்கு அதுதான் சரி. டப்பாவைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு கரண்டி மாவை மட்டும் எடுத்து வையுங்கள். மறுநாள் அரைக்கிற புது மாவில் அதைக் கரைத்துவிட்டால் குளிர் நாளிலும் தாமதிக்காமல் பொங்கும்.